கார்டில் ஏறாத முப்பத்தெட்டு முகங்கள்

ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று பிரித்துப்போட்டது மாதிரி. ஒன்று மட்டும் வாசலைத் தாண்டிப் போய் முப்பத்தெட்டுப் பேரைத் தொட்டது. அதில் என் தவறு எது, நான் சொன்ன பொய் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பட்டாபிராமில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. நடத்துகிறவர் நாற்பதைத் தாண்டிய பெண். நெமிலிச்சேரிப் பக்கம் பயிர் வைத்த குடும்பம்; இப்போது அண்ணன் வாட்டர் கேன் போடுகிறார், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், இவர் படம் எடுக்கிறார். பென்ஷன் விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனேன். என் காதுகள் ஒரே உயரத்தில் இல்லை என்று அவர் சொன்னார். நாற்பது வருஷம் அளவுக் கருவிகளோடு வேலை செய்தவனுக்கு அது தெரியாமல் போயிருந்தது. அன்றிலிருந்து பழக்கம்.

கல்யாணங்களுக்கு யாரோ ஒருவரின் இரண்டாவது கேமராவாகப் போய் மண்டப மூலையில் நிற்பது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. தொழிலாளர்களின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும். ஆனால் மெஷின் நிற்கக்கூடாது என்று எச்.ஆர். அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீ இடைவேளை பதினைந்து நிமிடம். அதற்குள் ஒரு ஷெட்டில் உள்ள அத்தனை பேரையும் எடுத்து, கண் மூடவில்லை என்று கம்ப்யூட்டரில் அப்போதே பார்த்துவிட வேண்டும். முதல் இரண்டு ஷெட் ஒழுங்காக வந்தால் மற்ற ஷெட்டுகளும், இனி வருகிற வருஷங்களும் இவருக்கு. இல்லையென்றால் வழக்கமாக வருகிற ஆளுக்கே போய்விடும். தன் ஸ்டூடியோ பெயரிலேயே அவருக்கு வந்த முதல் பெரிய வேலை அது.

கேமராவைக் கேபிளால் லேப்டாப்பில் மாட்டி, லேப்டாப்பிலிருந்தே கிளிக் செய்கிற ஒரு புரோகிராமை அவர் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். கிளிக் செய்தால் படம் திரைக்கு வரப் பன்னிரண்டு விநாடி ஆனது.

"ஒரு ஆளு ஒக்காந்து எழுந்திரிக்கவே பத்து செகண்டு ஆவுது சார். இதுவும் சேந்தா அம்பது பேருக்கு டீ ஆறிப்பூடும்" என்றார்.

"என்கிட்ட விடுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் உச்சரித்து, அதிகம் வருந்திய வாக்கியம் இது.

படம் எடுக்கப் போகும் நாளுக்கு முந்தைய பத்து நாட்களும் எனக்குத் திருவிழா. முதலில் கண்டுபிடித்தது, கேமராவின் மெமரி கார்டில் பழைய கல்யாணப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன என்பது. ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் லேப்டாப் அத்தனை பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு வந்தது. கார்டைக் காலி செய்ததும் எட்டு விநாடி. அடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவோடு புதிதாக இணைப்புப் போட்டு, எடுத்து, துண்டித்துக்கொண்டிருந்தது புரோகிராம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருமுறை போனை வைத்துவிட்டு மறுபடி டயல் செய்கிற மாதிரி. நானே ஒரு சிறிய புரோகிராம் எழுதி இணைப்பைத் திறந்தே வைத்தேன். ஐந்தரை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படத்துக்கு, சுவர் முழுக்க ஒட்டுகிற அளவில் எதற்கு எடுக்க வேண்டும்? அளவைக் குறைத்தேன். நாலு.

நாலே போதும். அவரும் அப்படித்தான் சொன்னார். எனக்குத்தான் போதவில்லை.

கேமரா ஒவ்வொரு படத்தையும் தன் கார்டில் எழுதிக்கொண்டு, பிறகுதான் லேப்டாப்புக்குத் தந்தது. கார்டில் எழுத வேண்டாம், நேராகக் கொடு என்று மாற்றினேன். மூன்றுக்கும் கீழே வந்தது. இன்னொன்றும் செய்தேன். படங்களுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண்தான் பெயர். சோதனை செய்யும்போது ஒவ்வொரு முறையும், இந்தப் பெயரில் ஏற்கெனவே படம் இருக்கிறது, அழித்துவிட்டு எழுதட்டுமா என்று லேப்டாப் கேட்டுக்கொண்டு நின்றது. எரிச்சலாக இருந்தது. கேட்காதே, எழுது என்று போட்டுவிட்டேன்.

"கார்டுலயும் ஒரு காப்பி இருக்கும்ல சார்?" என்று அவர் கேட்டார்.

ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே "இருக்கும், இருக்கும்" என்றேன். அதை அப்போது பொய் என்றுகூட நான் உணரவில்லை. கேள்வியையே சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை கேண்டீன் ஓரமாகப் பின்னணித் திரை கட்டினோம். முதல் ஷெட்டில் ஐம்பத்திரண்டு பேர். ஆண்கள் காக்கி அங்கியைக் கழற்றிவிட்டுப் புதுச்சட்டையில் வந்தார்கள். அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஒரு பெண் கல்யாணப் பட்டுப்புடவையில் வந்தார்.

"இன்னாக்கா, கார்டு வாங்கவா வந்த, தாலி வாங்கவா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"அஞ்சு வருசம் இந்தக் கார்டு கழுத்துல தொங்கப் போவுது. தாலி கூட உள்ள கீது, இது வெளிய கீதுடா" என்றார் அந்தப் பெண்.

பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். அடுத்த ஷெட்டின் இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்ததால் ஸ்டூடியோக்காரம்மா விளக்குத் தாங்கியைக் கொஞ்சம் நகர்த்தினார். கால் கேபிளில் மாட்டியது. கேபிள் கழன்று புரோகிராம் நின்றது. நான் பத்தே விநாடியில் மறுபடி மாட்டி ஓடவிட்டேன். இரண்டாவது ஷெட்டில் முப்பத்தெட்டுப் பேர். அவர்களும் நேரத்துக்குள் முடிந்தார்கள். படத்தின் கீழே எந்த எண் ஓடுகிறது என்று நான் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்த அம்மா படங்களைப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தார்.

"சார், ரெண்டாம் நம்பரு பொம்பளப் பேரு. இங்க மீசையோட ஒருத்தரு கீறாரே."

நான் படங்களை எண்ணினேன். மொத்தம் தொண்ணூறு படம் இருக்க வேண்டும், ஐம்பத்திரண்டுதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டபோது புரோகிராம் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது ஷெட்டின் முப்பத்தெட்டுப் பேரும், முதல் ஷெட்டின் முதல் முப்பத்தெட்டுப் பேர்மேல் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டுப்புடவை போய்விட்டது.

அவர் கேமராவை எடுத்துக் கார்டைப் பார்த்தார். ஒரு படமும் இல்லை.

"நான் இடிச்சேனே, அதுல கார்டு எதுனா அடிவாங்கிச்சா சார்?"

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவி கெட்டாலும் முதல் கேள்வி, கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான். தொட்டவர் பெயரை எழுதிவிட்டால் மற்றவர்கள் டீ குடிக்கப் போகலாம். அந்த வழக்கத்தில் பலமுறை நானும் டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"இருக்கலாம்."

அவர் அங்கேயே அதிகாரிக்குப் போன் செய்தார். "எங்க மிஸ்டேக் சார், என் கால் பட்டுதான் சார்" என்று நாலு முறை சொன்னார். அடுத்த புதன்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதிலும் ஏதாவது ஆனால் பழைய ஆளுக்கே கொடுத்துவிடுவதாகவும் அதிகாரி சொன்னார். போனை வைத்ததும் புதுக் கார்டு ஒன்று வாங்க வேண்டும் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாலு நாள் கழித்துப் போனபோது ஒரு சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டரு வேணா சார். சிலேட்டுல நம்பரு எழுதிக் கையில புடிக்கச் சொல்லி எடுத்துடலாம். என் காலு ராசி அப்டி." அப்படி எடுத்தால் முப்பத்தெட்டுப் பேர் பதினைந்து நிமிடத்தில் முடியமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். வேலை போகப்போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, கல்யாண ஆர்டருக்கு யாரிடமோ பேசியும் வைத்திருந்தார்.

அப்போதுதான் சொன்னேன். கார்டில் எழுதவிடாமல் செய்தது நான். அழிக்கட்டுமா என்ற கேள்வியை நிறுத்தியதும் நான். அவர் கால் பட்டதால் கேபிள்தான் கழன்றது. அதனால் ஒரு படமும் போகவில்லை. இதெல்லாம் புதன்கிழமையே எனக்குத் தெரியும்.

அவர் கட்டரில் யாருடைய பாஸ்போர்ட் படத்தையோ வைத்திருந்தார். எட்டுக் காப்பியையும் வெட்டி, ஓரம் சீவி, கவரில் போட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"நாலு நாளா எங்க ஊட்டுக்காரரு, நான் ஆட்டோவுல ஏறும்போதெல்லாம், பாத்து, பிரேக்க மெதிச்சிடப் போறன்னு கலாய்ச்சிகினு கீறாரு. நானும் சிரிச்சிகினே வாங்கிகினு கீறேன்."

"தப்புதாம்மா."

"என்னாண்ட சொன்னா போதுமா? அந்த ஆபீசராண்ட என் காலதான சொல்லிக் கீறேன். அந்த முப்பத்தெட்டுப் பேரும் யாரு காலுன்னு பேசிகினு இருப்பாங்க?"

சிலேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "புதன்கெழம நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க. அப்புறம் போட்டோ எடுக்கலாம்" என்றார்.

அன்று மாலையே கார்டில் எழுதும்படி மாற்றினேன். நின்று மறுபடி ஓடினாலும் விட்ட எண்ணிலிருந்தே தொடரும்படி செய்தேன். மறுபடி நாலு விநாடி ஆனது.

புதன்கிழமை டீ மணி அடித்ததும் அதிகாரியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, கேண்டீனில் எழுந்து நின்று பேசினேன். ஒரு விநாடி மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு உங்கள் படங்களை நான்தான் அழித்தேன், இந்த அம்மாமேல் தவறில்லை, அதை அன்றைக்கே சொல்லாமல் விட்டதும் நான்தான் என்றேன்.

"போன வாரம் பட்டுப்பொடவ கட்டிகினு வந்தேன் பெருசு" என்றார் அந்தப் பெண். இன்று சாதாரணப் புடவையில் இருந்தார். "அத அவுத்து, நெழல்ல காயவெச்சு, மடிச்சு பீரோல வெச்சிட்டேன். நீ வந்து மடிச்சியா?"

"இல்லம்மா."

"உடு அக்கா" என்றார் போன வாரம் தாலியைப் பற்றிக் கேட்டவர். "உன் போட்டோவப் பாத்துட்டு மிஷினே பயந்துகினு அழிச்சிருக்கும். பெருசு உனக்காக பழிய ஏத்துக்கிறாரு."

கேண்டீனே சிரித்தது. அந்தப் பெண் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரம்மா அவர் முந்தானையைச் சரிசெய்து, தாடையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "நீங்க இப்பதான் நல்லா கீறீங்க" என்றார். அவர் அதை நம்பவில்லை. லேப்டாப்பில் பார்த்த பிறகு நம்பினார்.

முப்பத்தெட்டுப் பேரும் முடிந்தபோது இன்னும் நேரம் இருந்தது. அதிகாரி தானே நாற்காலியில் உட்கார்ந்து, "என் கார்டுல இருக்கிற ஆளுக்கு முடி இருக்கு. மாத்திடுங்க" என்றார். எடுத்து முடித்ததும் எழுந்து, "தப்பைச் சொல்லிட்டு எடுக்கிற ஆளுங்களை இப்பதான் பார்க்கிறேன். நேரத்துக்கும் முடிச்சிட்டீங்க. அடுத்த வாரம் மூணாவது ஷெட்டுக்கு வாங்க" என்றார் ஸ்டூடியோக்காரம்மாவிடம். அவர் தலையை ஆட்டினார். கேபிளைச் சுற்றி எடுத்து வைத்தார்.

திரும்பி வருகிற ரயிலில் இடம் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல, பன்னிரண்டு விநாடி நாலானது எப்படி என்று ஸ்டூடியோக்காரம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். இனி என்ன மாற்றினாலும் முதலில் இந்த நோட்டில் எழுதி அவரிடம் காட்டிய பிறகுதான் மாற்ற வேண்டும் என்றார். சரி என்றேன். கார்டை நிறுத்திய மாற்றத்தையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு ஆவடி தாண்டும்போது, அதன் குறுக்கே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.