ஜன்னலைத் திறக்கச் சொல்லும் ஊர்

நான் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. குடியிருப்பவர் தினமும் காலையிலும் மாலையிலும் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இலையுதிர் காலம் வந்து வெளியே நாலு டிகிரி, ஐந்து டிகிரி என்று இறங்கினாலும் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அப்போதுதான் கெடுபிடி அதிகம். ஆகவே காலை ஆறரை மணிக்கு, விடிந்தும் விடியாத நேரத்தில், ஹைட்சுங் என்று இவர்கள் சொல்லும் சுவர் ஹீட்டரை மூடிவிட்டு நாலு ஜன்னலையும் திறந்து போட்டு, சொந்த வீட்டுக்குள் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு காபியோடு நிற்கிறேன். எதிர்க்கட்டடத்திலும் நாலைந்து பேர் இதே கோலத்தில் நிற்பார்கள். இதற்கு ஸ்டோஸ்லூஃப்டன் என்று பெயர். ராத்திரி முழுக்க நாம் விட்ட மூச்சு, குளித்தது, சமைத்தது எல்லாம் ஈரமாகப் போய்ச் சுவரில் உட்காருமாம். அதை வெளியே துரத்தாவிட்டால் பூஞ்சை பிடிக்குமாம். நான் ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. பாஷை பழகிவிட்டது, ரொட்டி பழகிவிட்டது. இந்தப் பத்து நிமிடம் மட்டும் பழகவில்லை, அதுவும் குளிரால் அல்ல.

நான் திருவொற்றியூர்க்காரி. சென்னையில் ஐப்பசி மழை விட்டுக் குளிர்ந்த காற்று வீசினால் ஜன்னலைத் திறந்து வைத்து அனுபவிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் எல்லாம் தெற்கே அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம். நாங்கள் ஓடிப்போய்ச் சாத்துகிற கூட்டம். அந்த மாதத்தில் காற்று வடக்கிலிருந்து வீசினால் எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனிப் புகை வரும், மேற்கிலிருந்து வீசினால் மணலிப் பக்கத்து எண்ணெய்க் கம்பெனி, உரக் கம்பெனி வாசனை வரும். எங்கள் தெருவில் ‘வாசனை’ என்று யாராவது சொன்னால் மல்லிகைப்பூ என்று நினைத்துவிடாதீர்கள். கண் எரியும், தொண்டை கரகரக்கும், ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் சமையல் கேஸ். காலையில் துடைத்த தரையில் மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் கறுத்துப்போகும். மொட்டைமாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாம்பல் நிறச் சட்டையாகத் திரும்பி வரும் என்பதால் துணியெல்லாம் கூடத்துக் கொடியில்தான் காயும். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகி அதன்மேல் டேப் ஒட்டுவது எங்கள் வீட்டுத் தீபாவளி வேலைகளில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ‘காற்றோட்டமான வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது பாதி வகுப்பு விழித்தது.

இதில் என் நைனா பெரிய கை. எங்கள் பக்கம் பலர் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் கூப்பிடு பேர். முப்பது வருஷம் கான்ட்ராக்ட் ஃபிட்டராக அந்தக் கம்பெனிகளுக்குள்ளேயே போய்க் குழாய் மாட்டியவர். எந்தக் குழாயில் என்ன ஓடும் என்பது அவருக்கு மனப்பாடம். மற்றவர்களுக்குக் கண் எரிந்த பிறகுதான் தெரியும். இவருக்கு அதற்குக் கால் மணி முன்னாலேயே மூக்கு விடைக்கும். உடனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, இருபத்திரண்டு வீட்டுக் கதவையும் தட்டி, “வாசனை வருது, சாத்திக்கோ” என்று சொல்லிக்கொண்டே போவார். யாரும் அவரை நியமிக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு இது பெரிய மானக்கேடாக இருந்தது, கூடப் படித்த பெண்கள் அவரை மூக்கு மாமா என்று கூப்பிட்டார்கள். அம்மா போன பிறகு அவர் தனியாக இருந்தார். போன வருஷம் அவருக்கே இழுப்பு வந்துவிட்டது. நாலு வீடு தட்டினால் ஐந்தாவது வீட்டுப் படியில் உட்கார்ந்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஃபோனில் சொன்னாள். எங்கள் ஊர் டோல்கேட் பஸ் நிறுத்தத்துப் பக்கம் அவர் வழக்கமாகக் காட்டும் டாக்டர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: மருந்து பாதிதான், இந்தக் காற்றைவிட்டு வெளியே போனால்தான் மீதி. ஒரே பெண் நான். செப்டம்பரில் மூன்று மாத விசாவில் அழைத்து வந்தேன். நிரந்தரமாகவே கூட வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று இங்கே ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். காகிதங்கள் எல்லாம் தயார், நைனாவின் கையெழுத்துதான் பாக்கி. அவரும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் நல்லபடியாகப் போயிற்று. அக்டோபரில் ஜன்னல் சண்டை ஆரம்பித்தது. நான் காலையில் திறப்பேன், பின்னாலேயே வந்து சாத்துவார். ஹீட்டரைப் போட்டு வீட்டைச் சூடு பண்ணுவானேன், பிறகு திறந்து அதைத் தெருவுக்கு அனுப்புவானேன், இந்த ஊர்க்காரர்களுக்குப் பைத்தியமா என்று கேட்டார். அறைக்குள் இருபது டிகிரி இருந்தால் போதும் என்று நான் ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டுப் போனால், அவர் அதைக் கடைசி எண்ணான ஐந்துக்குத் திருகி, மேலே ஈர லுங்கியைக் காயப்போட்டுவிட்டு, குரங்குக் குல்லாயோடு நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கண்ணாடியில் தண்ணீர் சொட்டும். வீட்டுக்காரம்மா ஃப்ராவ் லாங்கே தரைத்தளத்தில் இருக்கிறாள், எண்பதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. முற்றத்திலிருந்து எந்த ஜன்னல் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கணக்காகப் பார்ப்பாள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மேலே ஏறி வந்து, நைனாவிடம் ஜன்னலைக் காட்டி, இரண்டு கையையும் வீசி, வெளியே வெளியே என்று ஜாடை காட்டியிருக்கிறாள். ஈரத்தை வெளியே தள்ளச் சொன்னாள். நைனா தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஷூ மாட்டிப் போய்ப் பூங்கா பெஞ்சில் நான் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி சிவந்து போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்குப் பத்து நாள் கழித்து அவர் அறையைப் பெருக்கும்போது ஒரு புளித்த நாற்றம் அடித்தது. அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. பூங்கா பெஞ்சு நாளுக்குப் பிறகு அவர் அறை ஜன்னலை அவர் பொறுப்பிலேயே விட்டிருந்தேன், இப்போதுதான் திரையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தின் நாலு பக்கமும் விளம்பரக் காகிதத்தை மடித்துச் செருகி, பெட்டி கட்டக் கொண்டுவந்த பிரவுன் டேப்பை அதன்மேல் இழைத்து ஒட்டியிருந்தார். அவ்வளவு நேர்த்தி. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மூச்சு சரியாகட்டும் என்று அழைத்து வந்த மனுஷனைப் பூஞ்சைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். நர்ஸ் என்று பேர் வேறு.

மறைக்கிற விஷயமில்லை, ஃப்ராவ் லாங்கேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ஏன் இப்படி என்று கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நைனாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு சொன்னார்: “கலீஜு வெளிய இருந்து தானேமா வரும்? வூட்டுக்குள்ள நம்ம மூச்சுதானே கீது. அது இன்னா பண்ணப் போவுது?”

அதை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கம்பெனிகள், காற்று திரும்புவது, கறுத்துப்போகும் துணி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். இந்த ஊர் ரூர் பகுதியில், பழைய நிலக்கரிச் சுரங்கமும் எஃகு உலையும் இருந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் யோசித்ததில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காற்று உலைப் பக்கமிருந்து வீசினால் தெருவில் யாராவது ஒருத்தி கத்துவாளாம். உடனே எல்லா வீட்டுப் பெண்களும் கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு ஓடி ஜன்னலைச் சாத்துவார்களாம். வெள்ளைக் கம்பளிச் சட்டை என்று ஒன்று தன்னிடம் இருந்ததே இல்லை என்றாள். நைனா உன்னிப்பாகக் கேட்டார். அப்புறம் என்ன ஆயிற்று என்றார். ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள், காற்று சுத்தமாகிவிட்டது என்றாள். அவர் அடுத்துக் கேட்டது எனக்குத் தோன்றாத கேள்வி: அங்கே வேலை செய்தவர்கள்? உலையை மூடியதும் தன் புருஷன் நாற்பத்தெட்டு வயதில் வீட்டுக்கு வந்தவர், பிறகு வேறு வேலைக்குப் போகவே இல்லை, நல்ல காற்றில் இருபது வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்றாள். நைனா உள்ளே போய் அவளுக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

சுவரைத் துடைத்து மருந்தடித்து, அலமாரியை ஒரு சாண் முன்னால் தள்ளிப் போட்டோம். மறுநாளிலிருந்து நைனாவே ஜன்னலைத் திறக்கத் தொடங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏழு நிமிஷம் போதாதா என்று பேரம் பேசுவார். திறந்ததும் ஒருமுறை மூக்கை இழுத்துப் பார்ப்பார், ஒன்றும் இல்லை என்றால் ஏமாந்தவர் மாதிரி முகம் வைத்துக்கொள்வார். ஆனால் மூச்சு தேறிவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்தவர் இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப்பைத் தேடவில்லை. நான் பின்னாலேயே படிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அன்று மாலையே செல்வி அக்கா கூப்பிட்டாள். முந்தின நாள் மத்தியானம் எங்கேயோ எதுவோ கசிந்து, தெரு முழுக்கக் கண் எரிச்சலோடு ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ராத்திரி வரை நின்றிருக்கிறார்கள். கடைசி வீட்டுத் தையல்கார பாயை மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்கிறார். மயங்கிக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது பரவாயில்லையாம். உங்க நைனா இருந்திருந்தா, என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தது என் புத்தி.

நைனா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளி, டிக்கெட் இருக்கிற தேதிக்கே போய்விடுகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உன் மூக்கு என்ன கவர்மென்ட் மூக்கா, அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் மூக்கு கிடையாதா, ஆளாளுக்கு ஃபோன் இருக்கிறதே, நீ அங்கே போய் மூச்சு நின்று விழுந்தால் உன் கதவை யார் தட்டுவது என்றெல்லாம் கேட்டேன். கேட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் இருந்தார்.

“கண்ணு எரிஞ்சப்புறம் ஃபோன் பண்ணி இன்னாமா பிரயோஜனம்? பாய்க்குக் காது கேக்காது. கதவ தட்னா வராது. ஜன்னல் வழியா கைய வுட்டு உலுக்கணும். அது எனுக்குத்தான் தெரியும்.”

“அப்போ நான்?”

“நீ நல்ல காத்துல கீற. உன்ன நெனச்சா எனுக்கு பயம் இல்ல.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. குளியலறைக்குள் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு அழுதேன். பயப்படத் தேவையில்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டால், பிறகு அந்தப் பிள்ளைக்கு அவர் செய்ய என்ன இருக்கிறது? பாயிடம்தான் போவார். என்னோடு கூட வேலை செய்யும் கேரளத்துப் பெண்ணும் ஸ்ரீலங்காத் தமிழ்ப் பெண்ணும் தங்கள் அப்பாக்களைப் பற்றிக் கிட்டத்தட்ட இதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள், அது தனிக்கதை.

நவம்பர் கடைசியில் விமானம் ஏற்றிவிட்டேன். இரண்டு பம்ப்பும் ஆறு மாத மருந்தும் பெட்டியில். நாலு வீட்டுக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். செல்வி அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு போய் எந்த வாசனை எது என்று சொல்லித் தரப்போவதாகச் சொன்னார். வாசனை வராத நாளில் எதைக் காட்டிச் சொல்லித் தருவது என்று அவரே கேட்டுக்கொண்டார். ஃப்ராவ் லாங்கே வாசல்வரை வந்து கை கொடுத்தாள்.

டிசம்பரில் ஒரு காலை. வெளியே ஒரு டிகிரி. நாலு ஜன்னலும் திறந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும், ஃபோன் அடித்தது. அங்கே மணி பதினொன்று. நைனாதான், தெருவிலிருந்து பேசினார். பின்னால் கதவு சாத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

“வாசன வந்துச்சுமா. எல்லா வூட்லயும் சொல்லிட்டேன், பாயையும் எழுப்பி வுட்டாச்சு. நீயும் சாத்திக்கோ.”

“நைனா, நான் ஜெர்மனில கீறேன்.”

“தெரியும்மா. சொல்லணும்ல.”

வாதம் பண்ணத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு போய் நாலு ஜன்னலையும் ஒன்று விடாமல் சாத்தினேன். என் பக்கத்துத் தெருச் சத்தம் அடங்கியதும், இருபத்திரண்டு வீடு தட்டிவிட்டு ஏதோ ஒரு படியில் உட்கார்ந்து அவர் மூச்சு இழுப்பது என் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது.