ஒரு மூலை வானம்

பிள்ளைகளே, கிள்ளான் ரயிலில் என் பக்கத்தில் அமர்ந்த பெண் மடியில் வானத்தின் வரைபடம் வைத்திருந்தார். பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார். வானியல் ஆய்வாளராம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் பரந்த வானத்தில் தேடத் திட்டம் போடுகிறாராம். மேலிடமோ வானத்தில் ஒரு மூலையைப் பார்த்தால் போதும் என்கிறதாம்.

“போதாதாம்மா?” என்றேன்.

“நீங்க எங்க இருக்கீங்க அங்கிள்?”

“கம்போங் மேடான்.”

“பணக்காரங்க இருக்கிற பங்சாரை மட்டும் பார்த்துட்டு, ஊரே பங்களான்னு எழுதினா சும்மா இருப்பீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அடுக்குமாடி பிளாட்டுக்குத் தண்ணீர் வசதியைப் பார்க்க வந்த அதிகாரி கீழ்மாடியை மட்டும் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிப் போனார். எங்கள் ஏழாவது மாடிக்குத் தண்ணீரே ஏறுவதில்லை.

“விடாதீங்கம்மா, சண்டை போடுங்க லா,” என்றேன்.

அந்தப் பெண் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் போனார். மேலிடம் ஒப்புக்கொண்டதோ இல்லையோ, தெரியாது. இருண்ட வானத்தைக் காட்டி யாராவது தேடிப் பார்க்காமலே அங்கே ஒன்றுமில்லை என்றால், எனக்கு இன்னும் கோபம் வருகிறது.