அப்பாவைக் கூப்பிட்டார்கள்

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், தொப்பூர் பக்கத்து கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்து வெளியேறி பைபாஸ் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, ஓசூர், பெங்களூர் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தவன் நான். வேலை இல்லை என்றால் அடுத்த இடம் பார்ப்பேன். ஆனால் சரக்கு ஏற்றும் வேலைக்கு என்று காலையிலிருந்து உட்கார வைத்து, என்னைக் கூப்பிடாமலேயே நேர்காணலை முடித்துவிட்டார்கள். எரிச்சல் அடங்கவில்லை.

கூடவே வத்தல்மலையிலிருந்து தையல் வேலைக்கு வந்த நான்கு பெண்களும் நடந்தார்கள். அவர்களையும் கூப்பிடவில்லை. படிவம் இங்கிலீஷில் இருந்ததால் எல்லோருக்கும் நான்தான் நிரப்பிக் கொடுத்திருந்தேன்.

"ஒருத்தன மூணு தடவ கூப்புட்டாங்கண்ணா, வரவேயில்ல. எங்கப்பன் பேருதான் அவனுக்கும்" என்றாள் ஒருத்தி.

"எங்கப்பன் பேரையுந்தான் கூப்புட்டாங்க" என்றாள் இன்னொருத்தி.

சட்டென்று நின்றேன். உள்ளே உட்கார்ந்திருந்தபோது என் அப்பா பெயரும் காதில் விழுந்திருந்தது. எவனோ தூங்குகிறான் என்று அப்போது திட்டக்கூடச் செய்தேன்.

படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். இனிஷியல்தானே முன்னால் வரும் என்று, ஐந்து பேருக்கும் அப்பா பெயரை முதல் கட்டத்தில் எழுதிவிட்டேன். அதைத்தான் வாசித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எங்கப்பன் செத்து ஏழு வருசமாச்சு. அவரு வந்து மிஷின் ஓட்டுவாரா?" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆள் எடுப்புக்கு அன்றுதான் கடைசி நாள். நால்வரையும் கூட்டிக்கொண்டு திரும்பி ஓடினேன். எச்.ஆர். மேடம் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெடித்தார்.

"தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேங்க! ஒருத்தர் எந்திரிச்சிருக்கக் கூடாதா?"

"அப்பா பேரக் கூப்புட்டா எப்படிங்க மேடம் எந்திரிக்கிறது?"

முறைத்தார். பிறகு பூட்டைத் திறந்து, பெண்களைத் தைத்துக் காட்டச் சொன்னார். நால்வரையும் எடுத்துக்கொண்டார்.

"உங்க லோடிங் வேலைக்கு ஆள் எடுத்தாச்சு" என்றவர், ஒரு அலமாரியைக் காட்டினார். "இதுல பாதி ஃபைல் உங்கள மாதிரி ஆளுங்க எழுதுனது. ஆதாரோட பேரு ஒத்துப்போகாம சனங்க நடையா நடக்குறாங்க. எங்க தப்பு நடக்கும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது. வந்து சரி பண்றீங்களா?"

மறுநாள் காலை மனிதவளப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஒருவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதும் முன், அந்த ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறாரா என்று, இரண்டு கட்டத்துப் பெயரையும் சொல்லி, இன்றும் ஒருமுறை எழுந்து போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.