செம்பு சேராத குழாயின் மேல் ஒரு புள்ளி

கையுறையைக் கழற்றாமலே தொலைபேசியை எடுத்தேன். சரோஜாவின் கணவர் செல்வம். "சரோ போயிட்டா, குமார். பாலோ ஊர் வீட்லேருந்துதான் எடுக்கிறோம். வந்திருங்க." சரோஜா இருபது வருடம் என் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்.

மறதி நோயில் மூளைக்குள் ஒரு புரதம் கட்டி கட்டியாகச் சேர்கிறது. செம்பு அயனிகள் அதில் ஒட்டிக்கொண்டால் எப்படித் திரள்கிறது என்று பார்ப்பதுதான் ஜொகூர் பாருவில் எங்கள் ஆய்வகத்தின் வேலை. ஒரு வரிசைக் குழாய்களில் செம்பு விடுவோம், அவை கலங்கும். மறு வரிசையில் விடமாட்டோம். அவை தெளிவாக இருக்க வேண்டும். செம்பு விட்டதும் மூடியில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார் சரோஜா. அவர் புள்ளிக்கு ஒரு சின்ன வால் இருக்கும். "என்னை நம்பாதீங்க லா, மூடியைப் பாருங்க" என்பார். அவரோடு வேலை செய்த எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் செம்பு விடக்கூடாத குழாய் ஒன்று கலங்கியிருந்தது. மூடியில் வால் வைத்த புள்ளி.

"நான் வைக்கல, குமார். அதைத் தொடவே இல்ல."

அறையில் வேறு யாரும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "தண்ணிதான் சரியில்ல, சரோ. பைப்புல செம்பு இருக்கும்" என்று சொல்லிப் புள்ளியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டேன். இன்னும் இரண்டு முறை அப்படியே நடந்தது. இரண்டு முறையும் தண்ணீர் வடிகட்டியை மாற்றினேன். கோழை நான்.

பிறகு ஒரு நாள் சரோஜா காஹாங் சாலையில் காரை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். "எப்பலேருந்துன்னு டாக்டர் கேக்குறாரு. வேலையில ஏதாச்சும் கவனிச்சீங்களா?" என்றார் செல்வம். இல்லை என்றேன். சொல்லியிருந்தாலும் அவருடைய மறதி நோய் குணமாகியிருக்காது. ஆனால் தனக்கு என்ன ஆகிறது என்று அவருக்கே புரிந்திருக்கக்கூடிய சில மாதங்களை நான் பறித்துக்கொண்டேன்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது சமையலறையில் நின்றிருந்தார். சீனி டப்பா, உப்பு டப்பா, மருந்து போத்தல், எல்லா மூடியிலும் வால் வைத்த புள்ளி. என்னை அவருக்குத் தெரியவில்லை. கிட்டே வந்து, "யாரோ வந்து வச்சிட்டுப் போறாங்க" என்று என் காதில் சொன்னார். பேனா அவர் கையில்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, செம்பு விடக்கூடாத என் குழாய் ஒன்று கலங்கியிருந்தது. மூடியில் புள்ளி. வால் இல்லை, என் கை வைத்ததுதான். வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. ஸ்பிரிட் பக்கத்திலேயே இருந்தது.

சரோஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் என் மனைவியிடம் காட்டினேன். "இதை நான்தான் வச்சிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்ல."