மஞ்சள் துணியில் முடிந்த துரையின் காசு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷம் யோசித்திருக்கிறேன். மழை, கொசு, ரயில் தாமதம், என் மைத்துனன் வளர்க்கும் வாத்து என்று இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியாயிற்று. இதை மட்டும் சொல்லவில்லை. பேனாவை எடுப்பேன்... சுவரில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்ப்பேன்... கொசுவைப் பற்றியே எழுதிவிடுவேன்.

போன வாரம் கிள்ளானில் நடந்ததுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

அங்கே ஒரு கோயிலில் அன்னதானம். நானும் என் மனைவி நாகம்மாளும் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர். முன்பின் தெரியாதவர். சாம்பார் வருவதற்குள் சொந்தக் கதைக்கு வந்துவிட்டார்.

"நான் கள்ளை விட்டு அஞ்சு வருசம் ஆச்சுண்ணே."

"நல்ல காரியம். எப்படி விட்டீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஆளு கதையைக் கேட்டுத்தான். மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளராம். ஆனா மொடாக்குடியாம். பொண்டாட்டி அம்மனுக்கு முடிஞ்சு வச்ச காசை அவுத்து எடுத்துட்டுப் போயிக் குடிச்சிருக்கான் பாவி. அப்புறம் மொட்டை போட்டுத் திருந்திட்டானாம். அவனே திருந்தும்போது நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

நான் சாம்பாரைச் சோற்றில் குழப்பிக்கொண்டே இருந்தேன். அந்தப் பாவி நான்தான்.

எதிரே பெண்கள் வரிசையில் நாகம்மாள் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரயிலேறி வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள்.

"உங்களைக் குடிகாரன்னு ஊரு சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லல. இப்ப நான் முடிஞ்ச காசைத் திருடுனீங்கன்னு சொல்றாங்க. அது அம்மன் காரியம். ஊரு பூரா கதை எழுதறீங்கல்ல, இதையும் எழுதிடுங்க."

எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன் எனக்கு ரயில்வே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. எங்கள் துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது — பழைய காசு. ஈயச் சுரங்கத்தில் அகப்பட்டது, ஆற்று மணலில் கிடைத்தது, சீனக் கிழவர் சட்டைப்பையிலிருந்து வந்தது எல்லாவற்றையும் பெட்டியில் பஞ்சு போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு செப்புக் காசைக் காட்டினார். கறுத்துப்போன காசு. தேய்ந்த எழுத்து. ஆனால் நம் எழுத்து.

"இதில் என்ன எழுதியிருக்கிறது? வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார். திங்கட்கிழமை கொண்டு வா. கழுவாதே. துலக்காதே. விளிம்பைப் பிடி, நடுவில் விரல் வைக்காதே. அந்தக் கறுப்புதான் அதன் வயது. அதைத் தேய்த்துவிட்டால் இந்தக் காசு செத்துப்போகும்."

"வாங்கினபடியே திருப்பித் தருகிறேன், துரை," என்று வாக்குக் கொடுத்தேன். எனக்குள் சிரிப்புதான். நம் வீட்டில் அழுக்கு என்றால் புளி. இவருக்கு அழுக்குதான் அழகாம்.

பத்திரமாக இருக்கட்டும் என்று காசை உறையோடு சுவாமி மாடத்தில் வைத்தேன். அங்கேதான் முதல் தப்பு.

அந்த வாரம் எங்கள் நாலு வயதுப் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. பிள்ளைக்குச் சூடு தணிந்து, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிய சனிக்கிழமை, துரையின் காசை ஞாபகப்படுத்திக்கொண்டு மாடத்தைப் பார்த்தேன். உறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பக்கத்தில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு.

"நாகு... இதுல என்ன முடிஞ்சிருக்க?"

"பிள்ளைக்கு நேந்துகிட்டுக் காசு முடிஞ்சேன்."

"எந்தக் காசு?"

"மாடத்துல இருந்திச்சே, அதுதான். ராசா தலை போட்ட காசை முடியலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் பார்த்தா நம்ம எழுத்துப் போட்ட காசு. அம்மன் நம்ம ஊருக்காரி. அவளுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க."

நான் முடிச்சையும் காலி உறையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஒரே காசு. திங்கட்கிழமை தருவதாக நான் துரைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை பிழைத்தால் தருவதாக அவள் அம்மனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை பிழைத்து, திண்ணென்று உட்கார்ந்து தோசை கேட்கிறாள். யாரிடம் போய் வாக்கை மாற்றுவது?

நாகம்மாள் யோசித்தாள். படத்தைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். எனக்கு அப்போது அடர்ந்த முடி. நடு வகிடு எடுத்து, வாசனைத் தைலம் போட்டுப் படிய வாருவேன். கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"காசுக்குப் பதிலா ஒரு வெள்ளி டாலர் போடுங்க. அதோட முடியையும் குடுங்க. நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்."

ஒப்புக்கொண்டேன். முடிச்சை அவிழ்த்தேன்.

காசு எங்கே தெரிந்தது? மஞ்சள், சந்தனம், விளக்கெண்ணெய்... நாலைந்து நாள் ஊறி அப்பியிருந்தது. ஒரு நன்மை மட்டும் நடந்திருந்தது. மஞ்சள் பள்ளங்களில் இறங்கியதில், தேய்ந்த எழுத்து இரண்டு பளிச்சென்று எழுந்து நின்றன. அதை ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு பச்சைத் தண்ணீரில் முக்கினேன். ஒன்றும் நகரவில்லை. நான் மனம் கலங்கி நிற்கும்போது நாகம்மாள் உதவிக்கு வந்தாள். பார் சோப்பைக் கரைத்து ஒரு சொட்டு விட்டாள்.

காசு சிவந்துவிட்டது.

கொஞ்சமல்ல, ரத்தச் சிவப்பு. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பார்த்தீங்களா, அவ கோவத்தைக் காட்டிட்டா." நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது — ஆலத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் இப்படித்தானே சிவக்கும்? சோப்பும் அந்த ஜாதிதான் போலும். அம்மனைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

இனிமேல் துரையின் காசில் சோதனை கூடாது என்று முடிவு செய்தேன். வீட்டில் கிடந்த சதுரச் செப்புச் சென்ட் காசு இரண்டை எடுத்து, மஞ்சளும் எண்ணெயும் பூசினேன். ஒன்றுக்குப் புளி. அது கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. துரை பார்த்தால் அழுதுவிடுவார். இன்னொன்றுக்கு மண்ணெண்ணெய். எண்ணெய்ப் பிசுக்குப் போயிற்று, மஞ்சள் போகவில்லை. நாற்றம் மட்டும் தாராளமாக வந்தது. ஸ்டோர் நண்பன் ஒருவன், "ஆசிட்ல ஒரு முக்கு முக்குடா" என்றான். அவன் பேச்சைக் கேட்டு நான் ஒரு காரியமும் செய்ததில்லை. அன்றும் செய்யவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், மருந்து கலப்பதில் கெட்டிக்காரர். முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"இஞ்ச பாரும். அழுக்கைக் கரைக்கிறது வேணும், காசைக் கரைக்கிறது வேண்டாம். புளி, எலுமிச்சை, ஆசிட் எல்லாம் செம்பையே தின்னும். மஞ்சள் தண்ணியில கரையாது காணும், ஸ்பிரிட்டில கரையும். செம்பை அது ஒண்டும் செய்யாது."

"ஸ்பிரிட்டா? ஐயா, நான் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். கையால தொடமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உம்மை ஆர் குடிக்கச் சொன்னது? காசுக்குத்தானே குளிப்பு."

கொஞ்சம் சுத்த ஸ்பிரிட்டை மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். "ஸ்டவ்வுக்கு ஊத்துற நீல ஸ்பிரிட்டு வேண்டாம், சாயம் பிடிச்சிடும். தேய்க்காதையும். ஊற விடும். கலங்கினா மாத்தும். எடுத்துப் பஞ்சில வச்சிரும், தானாக் காயும். முக்கியமா விளக்கு, அடுப்பு ஒண்டும் கிட்ட இருக்கக் கூடாது. பத்திக்கொள்ளும். வெளியில காத்தாட இருந்து செய்யும்."

இந்தக் கடைசிப் புத்திமதிதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் வீட்டுக்குள் சுவாமி விளக்கு ஓயாமல் எரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பின்கட்டுப் படியில் உட்கார்ந்தேன். பீங்கான் கோப்பையில் ஸ்பிரிட்டு. அதற்குள் காசு. மஞ்சள் கரைந்து கரைந்து, கோப்பை நிறைய பொன்னிறம். வாசனை நாலு வீட்டுக்குப் போயிருக்கும். முதல் தடவை கொட்டிவிட்டு இரண்டாம் தடவை ஊற்றினேன். எழுத்துப் பள்ளத்தில் மஞ்சள் பாக்கி இருக்கிறதா என்று குனிந்து, கோப்பைக்குள் மூக்கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் வீட்டில் பல நாள் கழித்து எண்ணெய்ச் சட்டி ஏறியிருந்தது. நாகம்மாள் சூடான பருப்பு வடை நாலைத் தட்டில் போட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

எங்கள் சங்கத் தலைவர். ஜவுளிக்கடை முதலாளி. கூட்ட நோட்டீசோடு வந்திருக்கிறார். கோப்பையைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். காற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

"செயலாளரே... காலங்காத்தாலயா?"

"ஐயா, இது காசு கழுவறதுக்கு."

"எல்லாரும் காசைக் கழுவித்தான்யா குடிக்கிறாங்க." நோட்டீசைப் படியில் வைத்தார். "நான் யார்கிட்டயும் சொல்லல."

யாரிடமும் சொல்லவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் ஊரின் மறுகோடியிலுள்ள செந்தூல் வரை எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று பிற்பகல் கோயிலுக்குப் போய் வெள்ளி டாலரைப் போட்டேன். முடியையும் கொடுத்தேன். நாகம்மாள் அம்மனிடம், பக்கத்தில் நின்றவர்கள் காதிலும் விழும்படி, நெடுநேரம் சமாதானம் பேசினாள். திங்கட்கிழமை காசோடு துரை முன்னால் நின்றேன். அவர் முதலில் என் மொட்டையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்க வேண்டும். யாராவது இறந்துவிட்டார்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியை வைத்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நிமிஷங்களில் நான் எத்தனை அம்மன்களைக் கூப்பிட்டேன் என்பது எனக்கே தெரியாது.

கறுப்பு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. "வாங்கினபடியே," என்றார். பிறகு முகர்ந்து பார்த்தார். "மஞ்சள் வாசனை கூடுதல்." நான் எழுதி வைத்த தாளைக் கேட்டு வாங்கினார். மஞ்சள் எடுத்துக் கொடுத்த அந்த இரண்டு எழுத்து என்ன தெரியுமா? 'காசு'. அது காசு என்று எங்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவருக்குப் பரம சந்தோஷம்.

அத்தோடு முடிந்திருந்தால் எனக்கென்ன குறை?

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவர் என்னை மேடைக்கு இழுத்தார். "நம்ம செயலாளர் வழுக்கி விழுந்தாரு. எழுந்துட்டாரு. அவரு தலையைப் பாருங்க, அதுதான் சாட்சி." நான் பதறிப்போய், "நான் குடிக்கல, காசு கழுவத்தான்..." என்று ஆரம்பித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாங்களும் வாயைக் கழுவத்தாண்ணே போறோம்." கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

ஆனால் சிரித்தவர்களில் இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் வந்து, இனித் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் மனைவி என் காலில் விழப் போனாள். அவளிடம் போய், "அம்மா, அது மஞ்சள்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் என்னை நிறுத்தி வைத்தார்கள். நான் பேசவே மாட்டேன். நிற்பேன், அவ்வளவுதான். என் வாயால் பொய் சொல்லவில்லை. மெய்யும் சொல்லவில்லை. ஏழு வருஷம் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் பேனாவை மூடி வைத்த காரணம் இதுதான்.

கிள்ளான் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கள்ளை விடக் காரணமான ஆள் குடிக்கவே இல்லை. அதற்காக நீங்கள் மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த அஞ்சு வருஷமும் உங்கள் சொந்தச் சாமர்த்தியம். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பாரைக் குழப்பிக்கொண்டிருந்த ஆசாமி உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் பத்துப் பேரிடம் சொல்லுங்கள், தடையில்லை. கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு பேர் வீட்டு அடுப்பும் இன்று ஒழுங்காக எரிகிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் துரைக்கு நான் காசைக் கொடுத்த மாதிரியே கொடுங்கள் — வாங்கினபடியே.

தயவுசெய்து துலக்காதீர்கள்.