உச்சிக் கொப்பை விடச் சொன்ன ராஜேஸ்வரி

ராஜேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்று தேவாரம் ஊரிலிருந்து அவர் தங்கை போனில் சொன்னபோது, "எந்த ராஜேஸ்வரி?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ராஜேஸ்வரிதான். நெஞ்சுவலியாம். கடைசி மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்றும் தெரியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் வேலை தெரியும். ஏலத்தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் காட்டு மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன என்று வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். மழைக்கு முன் வெயில் இறங்கட்டும் என்று அவற்றின் கிளைக் கொப்புகளை வெட்டுவார்கள். உச்சிவரை மொட்டையடித்தால் மரம் மெல்லச் செத்துவிடும் என்பது அவர் கண்டது. அறிக்கையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில், கூலிக்குப் போகும் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

"யக்கா, வளைவுல இங்கிலீசு பேசாதீக, வாந்தி வருது" என்றாள் ஒருத்தி.

அன்றுதான் என்னைத் தேடி வந்தார். "படிச்சா யாருக்கும் வாந்தி வரக்கூடாது. தமிழ்ல ஒரு நோட்டீசா எழுதித் தர்றியா தம்பி?"

எழுதினேன். அந்த நோட்டீசைப் படித்த பாண்டி அண்ணன், கொப்பு வெட்டுபவர், உச்சியில் அரிவாள் வைக்க மாட்டேன் என்று மரத்திலிருந்து இறங்கிவிட்டார். "மரத்துக்கு வக்கீலாடா நீயி? நாளைக்கு ஜீப்புல ஏறாத" என்றார் கங்காணி. அக்காவும் நானும் முதலாளியிடம் போனோம். டீ கொடுத்தார். "அருமையான ஆராய்ச்சிம்மா, ஆபீசுல ஒட்டி வைக்கிறேன்" என்றார். ஒட்டியும் வைத்தார். பாண்டி அண்ணனை மட்டும் வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. இதற்குக் கோபப்படாதவர்கள் அக்காவுக்கு மாலை போட வர வேண்டாம்.

"நோட்டீச நிறுத்திருவோம்க்கா" என்றேன்.

"தெரிஞ்சதச் சொல்லாம எப்புடிப்பா? காடு மொட்டையாப் போனா அவுகளுக்கு எங்க சோலி இருக்கும்?"

"அவருக்கு இப்பவே இல்லையே."

அக்கா, அச்சுக்கு நான் எழுதி வைத்திருந்த அடுத்த நோட்டீசின் அடியில் பேனாவால் எழுதினார்: 'இதன்படி நடந்து வேலை போனால் நான் வந்து நிற்பேன். ராஜேஸ்வரி.'

"நின்னு என்ன செய்வீங்க?"

"தெரியல. ஆனா நிப்பேன்."

நான் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. பேச்சு நின்றது அதனால்தான்.

அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று பாண்டி அண்ணன் வந்திருந்தார். இப்போது போடியில் மூட்டை தூக்குகிறார்.

"அடுத்த நோட்டீசு எங்க தம்பி?"

"மொத நோட்டீசால பட்டது போதாதாண்ணே?"

"வெட்டச் சொன்னவன விட்டுப்புட்டு நோட்டீச ஏன் வையிற?" என்றவர், "ஆனா அடுத்து எவனாச்சும் எறங்குனா அவனத் தனியா விட்றாதீக. நான் தனியாத்தான் எறங்குனேன்" என்றார்.

அக்கா செய்தது சரி என்கிறாரா, தவறு என்கிறாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காகிதம்தான். நாளை அச்சுக்குப் போகிறது. இறந்தவர் வந்து நிற்க முடியாது. அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பயமாக இருந்தது, அதையும் அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.