பராமரிப்பு லீவு

அந்த பிஸ்கட் ஆலையில் 'கிரீஸ்' என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. அவரோடு கைகுலுக்கினால் மோதிரம் தானாகக் கழன்று விழும். புதுமாப்பிள்ளை ஒருவரின் மோதிரம் அப்படித்தான் மாவுத் தொட்டிக்குள் போய், எங்கோ ஒரு வீட்டில் யாருடைய பல்லையோ பதம்பார்த்தது. மாவு பிசையும் எந்திரம், அடுப்பு, பிஸ்கட்டைச் சுமந்து ஊர்ந்துபோகும் பெல்ட் என்று ஆலையில் சுழல்வதெல்லாம் அவர் கைபட்டுத்தான் சுழன்றது.

வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. தாய் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருவரையொருவர் திட்டுவதற்கே பொழுது போதவில்லை. அக்காவின் குரல் சாதாரணக் குரல் அல்ல. மாடியில் நின்று "தம்பீ" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டதென்று ஆலையில் பாதிப் பேர் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட அக்கா ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், "ஊன்றுகோல் பிடிச்சு எழுந்து நிக்கற வரைக்கும் யாராவது கூடவே இருக்கணும். முடியலைன்னா நோயாளிகளைப் பார்த்துக்கற ஏதாவது விடுதியில சேர்த்துடுங்க" என்றார்.

"விடுதியிலயே விட்டுடுடா" என்றாள் அக்கா. "உன் வேலை கெட்டுப்போகும்."

அதை அவள் மெல்லச் சொன்னாள். அவள் மெல்லப் பேசி கிரீஸ் கேட்டதே இல்லை.

அந்த வருஷத்து லீவையெல்லாம் மஞ்சள் காமாலைக்கே கொடுத்துத் தீர்த்திருந்தார். ஆனாலும் ஆபீஸுக்குப் போய் மேனேஜர் மேடம் முன்னால் நின்றார்.

"அக்கா விழுந்துட்டாங்க மேடம். பார்த்துக்க வேற ஆளில்லை. சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டாலும் சரி..."

"ஐயையோ, இதுக்கு ஏங்க இவ்வளவு தயக்கம்? பராமரிப்பு விடுப்பு எடுத்துக்கோங்க. நாளையிலிருந்தே" என்றார் மேடம். அதற்குள் போன் அடித்துவிட்டது.

கிரீஸ் வாடிய முகத்தோடு வெளியே வந்தார். அந்த ஆலையில் பராமரிப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அவ்வப்போது அடுப்பை அணைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். கிரீஸ் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்திரத்துக்கு அடியில் புகுவார். 'பராமரிப்பு விடுப்பு' என்று அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டியபோதே, "எந்திரத்துக்கு லீவு விடறாங்கப்பா" என்று அடுப்புக்காரர் விளக்கவுரை சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒருவரும் அதைக் கேட்டுப் போகவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றார் அடுப்புக்காரர்.

"அக்கா காலொடிஞ்சு கிடக்கு. இந்தம்மா என்னடான்னா என்னை எந்திரத்தைக் கழட்டச் சொல்லுது."

"கல்நெஞ்சுய்யா!"

மறுநாள் காலை, அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் டீ ஃபிளாஸ்கை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்தார் கிரீஸ். பார்த்தால் அடுப்பு எரிகிறது, பெல்ட் ஓடுகிறது, எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். எதைக் கழற்றுவது?

மேடம் பதறிக்கொண்டு வந்தார். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீங்கதானே மேடம் பராமரிக்கச் சொன்னீங்க?"

"யாரை?"

"யாரையா? எந்திரத்தைத்தான்!"

"அட கடவுளே! அக்காவைங்க! வீட்டுல திடீர்னு ஒருத்தர் படுத்துட்டா, கூட இருந்து பார்த்துக்கறதுக்குத்தான் அந்த லீவே. சம்பளம் பிடிக்க மாட்டோம்."

கிரீஸ் முகமெல்லாம் பல்லாக, "அவங்க திட்டறதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமே மேடம், அதுக்கு ஓவர்டைம் உண்டா?" என்றார்.

"முதல்ல வீட்டுக்குக் கிளம்புங்க!"

பலகைக்கு முன்னால் அன்றே கூட்டம் கூடியது. மாமனாரின் கண் ஆபரேஷனுக்கு அரைநாள் கிடைக்குமா என்று அடுப்புக்காரரே கேட்டுப் போனார்.

வீட்டில் கிரீஸ் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டினார். கூடவே எண்ணெயும் விட்டார். கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிட்டார். லேசாகத் தள்ளியதும் அக்கா சமையலறையைத் தாண்டி, கூடத்தைச் சுற்றி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"படுபாவி! நான் என்ன உங்க ஆலை பெல்ட்டாடா?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பழைய குரல்! கிரீஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாள் கழித்து அடுப்புக்காரர் போன் செய்தார். "பெல்ட் கீச்சுன்னு கத்துதுப்பா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"வேற ஆளைப் பாருப்பா. நான் பராமரிப்புல இருக்கேன்."

அதற்குள் உள்ளேயிருந்து "தம்பீ..." என்று ஒரு குரல் எழுந்தது. போனில், அடுப்புக்காரருக்குப் பின்னால், வரிசையாக டிபன் டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது.